‘அனுப்பியாச்சு’ என்று சொன்னது யார்?

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை இட்லியைப் பிட்டுக்கொண்டே என் மனைவியின் தம்பிக்கு ஒரு மெசேஜ் தட்டினேன். ‘என்ன மாப்ள... பத்திரிகை அனுப்பி நாலு நாளாச்சு. பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அவ்வளவு பெரிய ஆளாயிட்டீங்களா?’ கடைசியில் சிரிக்கிற பொம்மை ஒன்று வேறு.

மெசேஜ் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. அவர் படித்துவிட்டார் என்பதற்கு அடையாளமாக நீல டிக்கும் விழுந்தது. பதில் மட்டும் வரவில்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் மூன்றாவது இட்லிக்குச் சட்னி கேட்டேன்.

நாற்பத்திரண்டு வயதுவரை நான் செய்த மடத்தனங்களுக்கு ஒரு பட்டியல் போட்டால் - இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்கள் ஏற்கெனவே போட்டு வைத்திருப்பீர்கள் - அந்த மெசேஜ் முதல் மூன்று இடத்துக்குள் வரும். மற்ற இரண்டும் மிக்ஸியும் தண்ணீர் டேங்க்கும் சம்பந்தப்பட்டவை. அவற்றை இங்கே எழுதி, உங்களிடம் வாங்க வேண்டியதையும் வாங்கிவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகள் இனியாவுக்கு மூன்று வயது. மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும். குடுமியான்மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கண்மாய்க்கரையில் எங்கள் குலதெய்வம் அய்யனார் இருக்கிறார். அங்கேயே கடா வெட்டிக் கறிச்சோறு போடுவது என்று நாள் குறித்தாயிற்று. காதுகுத்து என்றால் யார் முக்கியம்? பெற்ற அப்பன் இல்லை. அப்பன் பந்தல்காரருக்குப் பதில் சொல்லிக்கொண்டு, உப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு திரிய வேண்டியவன். முக்கியமான ஆள் தாய்மாமன். அவர் மடியில் உட்கார்ந்துதான் பிள்ளை காது குத்திக்கொள்ளும். தோடு அவர் கொண்டுவருவார். அவர் வராவிட்டால் கறிச்சோறு நடக்கும், காதுகுத்து நடக்காது.

என் மனைவி சித்ராவுக்கு உடன்பிறந்தவர் ஒரே ஒருவர். பழனிவேல். கீரமங்கலத்தில் பூ விவசாயம். அப்பாவும் அம்மாவும் சீக்கிரமே போய்விட, அக்காவும் தம்பியுமாக ஒருவரை ஒருவர் வளர்த்துக்கொண்டவர்கள். சித்ராவுக்குப் பிறந்த வீடு என்றால் அந்த ஒரு தம்பிதான். தினமும் சாயங்காலம் அவரிடமிருந்து போன் வரும். இரண்டு நிமிஷம்தான் பேசுவார்கள். அதில் ஒரு நிமிஷம் மழையைப் பற்றி.

பத்திரிகை வைப்பதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வரிசை உண்டு. முதல் பத்திரிகை சாமிக்கு. இரண்டாவது தாய்மாமனுக்கு. அதற்கப்புறம்தான் மற்ற சொந்தம். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் குங்குமம், அதன்மேல் பத்திரிகை என்று வைத்து, வீட்டுக்கு நேரில் போய், நின்று, நீட்ட வேண்டும். சித்ரா அப்படித்தான் செய்ய வேண்டும் என்றாள். முதலில் கீரமங்கலம், அப்புறம் மற்றதெல்லாம் என்று தெளிவாகவே சொன்னாள்.

நான்தான் குறுக்கே புகுந்தேன். இருநூற்று நாற்பத்து மூன்று வீடு. எந்தக் காலத்தில் இருக்கிறோம்? முதலில் எல்லோருக்கும் போனில் போய்விடட்டும், அடுத்த வாரம் நெருங்கிய சொந்தத்துக்கு மட்டும் நேரில் போவோம், நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிடுகிறேன் என்றேன். பகலில் நான் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப்பைப் பார்த்துக்கொள்கிறவன். சினிமாக் கதை எழுதுவது போன்ற வேலையாக்கும் என்று நினைத்தோ என்னவோ, சித்ரா மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

ஸ்கிரிப்ட் என்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கல்யாண வீட்டில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ‘ஏப்பா, அந்த அண்டாவ எறக்கு... ஏப்பா, எலையப் போடு...’ என்று அதட்டிக்கொண்டே திரிவாரே ஒரு பெரிய மனுஷர், அவர்தான் ஸ்கிரிப்ட். அவர் ஒரு துரும்பைக்கூடத் தூக்க மாட்டார். கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கிற மற்ற புரோகிராம்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வேலை வாங்குவார். நான் எழுதியவர் இரண்டு பேரைக் கூப்பிட்டார். ஒரு புரோகிராம், பத்திரிகைப் படத்தின்மேல் அழைக்கப்படுபவரின் பெயரை அழகாக எழுதும். இன்னொன்று அந்தப் படத்தை அனுப்பும். அனுப்புவதற்கென்றே ஒரு பழைய போனில் புது சிம் போட்டு, ஒயரில் லேப்டாப்போடு மாட்டி, மேஜைக்கு அடியில் வைத்திருந்தேன். ஒவ்வொரு ஆளும் முடிந்ததும் ஸ்கிரிப்ட் திரையில் எழுதும்: அனுப்பியாச்சு.

பட்டியலை சித்ராதான் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். சாமிக்குப் போன் கிடையாது. ஆகவே முதல் வரியில் பழனிவேல்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓட்டினேன். என்ன சொல்வது... கண்கொள்ளாக் காட்சி. பெயர், அனுப்பியாச்சு. பெயர், அனுப்பியாச்சு. இருநூற்று நாற்பத்து மூன்று வரி, சரசரவென்று ஓடியது. அடுப்படியில் இருந்தவளைக் கூப்பிட்டு, பெயர் எழுதுவது ஒரு புரோகிராம், அனுப்புவது இன்னொரு புரோகிராம் என்று விளக்கிக் காட்டினேன். கரண்டியோடு வந்து பார்த்துவிட்டு, “கீரமங்கலத்துக்கு எப்பப் போறோம்?” என்று மட்டும் கேட்டாள். அடுத்த வாரம் என்றேன். அந்தக் கேள்வியில் ஒரு பாராட்டும் இல்லாதது எனக்குக் கொஞ்சம் குறையாக இருந்தது.

பாராட்டு மற்றவர்களிடமிருந்து வந்தது. சிங்கப்பூரிலிருந்து ஒருவர், பெயரெல்லாம் போட்டு வந்திருக்கிறதே என்று போனிலேயே வியந்தார். நான் அடக்கமாக இருப்பது மாதிரி இருந்தேன்.

பழனிவேல் மட்டும் கப்சிப். சனிக்கிழமை சாயங்காலம் வழக்கமான போன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சித்ரா கூப்பிட்டாள், எடுக்கவில்லை. திங்கட்கிழமையும் எடுக்கவில்லை. முகூர்த்த நேரம், பூ வேலை ஜாஸ்தியாக இருக்கும் என்று நான் சமாதானம் சொன்னேன். எவ்வளவு முகூர்த்தமாக இருந்தாலும் எடுத்து ‘அப்பறம் பேசுறேன்க்கா’ என்றாவது சொல்கிறவன் என்று அவள் சொன்னாள். செவ்வாய்க்கிழமைதான் நான் அந்த மெசேஜைத் தட்டினேன். அவளுக்கு உதவியாக இருக்கட்டும் என்று.

புதன்கிழமை கீரமங்கலத்திலிருந்து சித்ராவின் சித்தி கூப்பிட்டார். சனிக்கிழமை காலை நடந்ததை அப்போதுதான் சொன்னார். பழனிவேல் வழக்கம்போல முல்லையும் கனகாம்பரமும் எடுத்துக்கொண்டு பூக் கமிஷன் கடைக்குப் போயிருக்கிறார். அங்கே சொந்தக்காரர்கள் நாலு பேர் ஆளுக்கொரு போனை நீட்டியிருக்கிறார்கள். ஒங்க அக்கா மகளுக்குக் காதுகுத்தாமே, ஒங்க பேரு பெருசாப் போட்டுருக்கு பாருங்க என்று. இவர் ஒவ்வொரு போனையும் வாங்கிப் பார்த்திருக்கிறார். எல்லாவற்றிலும் ‘தாய்மாமன் பழனிவேல் மடியில்’ என்று இருக்கிறது. அவருடைய போனில் மட்டும் ஒன்றும் இல்லை. ஒனக்கு எப்ப வந்துச்சு என்று ஒருவர் கேட்டாராம். பூவை எடை போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.

இதற்கு மேலேதான் என் மெசேஜ், சிரிக்கிற பொம்மையோடு.

சித்ரா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்குக் கொஞ்சங்கூடப் பயமில்லை. என்னிடம்தான் ஆதாரம் இருக்கிறதே? லேப்டாப்பைத் திறந்து, பதிவாகியிருந்த பட்டியலை வக்கீல் மாதிரி அவள் முன்னால் திருப்பி வைத்தேன்.

“இந்தா, மொத வரிய நீயே பாரு. பழனிவேல், அனுப்பியாச்சு.”

“அனுப்பியாச்சுன்னு யாரு சொன்னது?”

“ஸ்கிரிப்ட்டு.”

“ஸ்கிரிப்ட்ட எழுதுனது யாரு?”

“நாந்தான்.”

“அப்ப நீங்களாச் சொல்லிக்கிட்டதுதான அது? அனுப்புற அந்தப் புரோகிராம் என்ன சொன்னுச்சு?”

சித்ரா கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. எங்கள் தெருவில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள். பன்னிரண்டு வருஷமாகப் பையன்களுக்கும் பெண்களுக்கும் நான் லேப்பில் கத்திக்கொண்டிருப்பதை அவள் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டாள்.

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்கிரிப்ட் கூப்பிடும் ஒவ்வொரு புரோகிராமும் வேலையை முடித்துப் போகும்போது ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போகும். பூஜ்யம் என்றால் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. வேறு எந்த எண்ணாக இருந்தாலும் ஏதோ கோளாறு. உலகத்திலேயே முட்டை வாங்கினால் பாஸ் என்கிற ஒரே பரீட்சை இதுதான். அதோடு நிற்காது. என்ன கோளாறு என்று ஒரு வரி விளக்கமும் எழுதிவிட்டுத்தான் போகும். இவ்வளவு மரியாதை தெரிந்த ஜீவன்களை நான் மனிதர்களில்கூட அதிகம் பார்த்ததில்லை.

நான் என்ன செய்திருந்தேன்? அந்த எண்ணைக் கேட்கவே இல்லை. கூப்பிட்டேன், அது போனதும் ‘அனுப்பியாச்சு’ என்று எழுதிக்கொண்டேன். எண் பூஜ்யமாக இருந்தாலும் அனுப்பியாச்சு, ஒன்றாக இருந்தாலும் அனுப்பியாச்சு, லேப்டாப் தீப்பிடித்து எரிந்தாலும் அனுப்பியாச்சு. அந்த விளக்க வரி இருக்கிறதே, அதையாவது படித்தேனா? சோதித்துப் பார்த்தபோது நடுநடுவே ஏதேதோ எச்சரிக்கைகள் வந்து திரை அசிங்கமாக இருந்தது. கோளாறு வரிகளையெல்லாம் நேராகக் குப்பைத்தொட்டியில் போடு என்று ஸ்கிரிப்ட்டில் ஒரு துண்டு ஒட்டிவிட்டேன். கம்ப்யூட்டரில் அதற்கென்றே ஒரு தொட்டி உண்டு, போட்டால் போட்டதுதான், கிளறி எடுக்க முடியாது. திரை சுத்தமாகிவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. இதே தப்புக்கு பிராக்டிகல் பரீட்சையில் நான் இரண்டு மார்க் குறைப்பேன். ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போடுவேன்.

குப்பைத்தொட்டித் துண்டை எடுத்துவிட்டு, பட்டியலில் என் நம்பரை மட்டும் மூன்று தரம் போட்டு மறுபடி ஓட்டினேன். முதல் வரியிலேயே வந்து நின்றது: போன் இன்னும் இணையவில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் நன்றாகப் போயின.

புரிந்துவிட்டது. மேஜைக்கு அடியில் கிடந்த பழைய போன் தூங்கிக்கொண்டிருக்கும். முதல் ஆளுக்கு அனுப்பச் சொல்லும்போதுதான் அது கண் விழிக்கும். விழித்துத் தயாராக நாலைந்து நொடி. அதற்குள் முதல் ஆளின் வாய்ப்பு போய்விடும். இரண்டாம் ஆளிலிருந்து எல்லாம் சுகம். வேறு யாரை முதலில் போட்டிருந்தாலும் ஒரு மன்னிப்போடு முடிந்திருக்கும். பழனிவேலை முதலில் போட்டோம், ஏனென்றால் மரியாதை முதலில் அவருக்குத்தான். அந்த மரியாதையினாலேயே இருநூற்று நாற்பத்து மூன்று பேரில் அவர் ஒருவருக்கு மட்டும் பத்திரிகை போகவில்லை. முறைப்படி முதல் வரியில் அய்யனார் பெயரையும் ஏதாவது ஒரு நம்பரையும் போட்டிருந்தால் இந்தக் கோளாறை அவர் வாங்கிக்கொண்டிருப்பார். எங்கள் அய்யனார் இதைவிடப் பெரிய கோளாறுகளையெல்லாம் தாங்கியவர்.

சித்ராவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தையல் மிஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். தைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “ஆத்தா இருந்தா அன்னிக்கே தட்டத் தூக்கிட்டு ஓடியிருக்கும்னு நெனச்சிருப்பான்” என்றாள். அவளுக்கு இருப்பதே ஒரு தம்பி. காதுகுத்துக்கு அவர் வராவிட்டால் அது ஒரு நாளோடு முடியாது. அப்படி முறிந்த சொந்தங்கள் எங்கள் பக்கத்தில் எத்தனை என்று எனக்குத் தெரியும்.

அந்த நேரத்தில் நான் என்ன சொன்னேன் தெரியுமா? “இப்பச் சரி பண்ணிட்டேன் சித்ரா, அவருக்கு மட்டும் இன்னொரு தடவை ஓட்டிப் பாக்கவா?” என்றேன். அவள் எழுந்து வந்து லேப்டாப்பை மூடினாள். விரலை எடுக்க எனக்கு அவகாசம் கொடுத்தாள் என்பதை நன்றியோடு குறிப்பிடுகிறேன்.

அன்றைக்கு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். இந்தக் கோளாறு ஸ்கிரிப்ட்டில் ஆரம்பித்ததா, என்னிடம் ஆரம்பித்ததா? பிளம்பரிடம் ‘நாளைக்கு வந்துருங்க’ என்பேன், அவர் ‘வந்துர்றேன்’ என்பார், பைப் சரியாகிவிட்டது என்று மனசுக்குள் எழுதிக்கொள்வேன். வாசலில் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டுத்தான் ‘சாப்பிட்டியா’ என்று உள்ளே பார்த்துக் கேட்பேன். பதில் வரும்போது நான் தெருமுனையில் இருப்பேன். நீங்க கேக்கிறதோட சரி, பதிலுக்கு நிக்கிறதில்ல என்று சித்ரா கல்யாணமான புதிதிலேயே சொல்லியிருக்கிறாள். பார்க்கப்போனால் அதுவும் ஒரு கோளாறு வரிதான். அதையும் அதே தொட்டியில் போட்டிருக்கிறேன்.

வியாழக்கிழமை லீவு போட்டேன். அச்சடித்த பத்திரிகை, தட்டு, வெற்றிலை பாக்கு, சீப்புப் பழம் எல்லாவற்றையும் பைக்குள் வைத்து, இனியாவை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு ஆலங்குடி வழியாகக் கீரமங்கலம் போனோம். வழி நெடுக சித்ரா ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேசினால் வண்டியிலிருந்து இறங்கிவிடுவாளோ என்று நானும் பேசவில்லை.

பழனிவேலின் மனைவி செல்விதான் கதவைத் திறந்தார். ‘வாங்க’ என்றார், தண்ணீர் கொடுத்தார், உட்காரச் சொன்னார். எல்லாம் ரொம்ப மரியாதையாக இருந்தது. அந்த வீட்டில் எனக்கு அவ்வளவு மரியாதை வழக்கமில்லை என்பதால் வியர்த்தது. கொஞ்ச நேரத்தில் கொல்லையிலிருந்து பழனிவேல் வந்தார். காலைக் கழுவிவிட்டு, “வாங்க மச்சான், வாக்கா” என்றார். சிரிப்பு இல்லை. இனியா மட்டும் ஓடிப்போய் அவர் வேட்டியைப் பிடித்துத் தொங்கினாள். அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

சித்ரா தட்டை எடுத்து வைத்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை. கையில் பிள்ளை இருக்கிறது என்பது சாக்கு, அது எல்லோருக்கும் தெரியும். தட்டு அப்படியே நடுவில் நின்றது.

என்னைப் பார்த்துச் சொன்னார். “பத்திரிகை வல்லேன்னு எனக்கு வருத்தமில்ல மச்சான். மறந்துட்டாக போலன்னு மனசத் தேத்திக்கிட்டேன். வராதத வந்துருச்சுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கிட்டு, பாத்துட்டும் நான் பேசலன்னு என்னையவே கேட்டீங்க பாருங்க... அதான் மச்சான் தாங்கல.”

முதலில் கைவசம் இருந்த சாக்குகளையெல்லாம் மனசுக்குள் ஒரு தரம் புரட்டினேன். நெட்வொர்க், சிம், பழைய போன். அப்புறம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். போன் தூங்கியது, முதல் ஆளுக்குப் போகாதது, கோளாறை அது ஒழுங்காக எழுதிக் காட்டியது, அந்த வரியைப் பார்க்கப் பிடிக்காமல் குப்பையில் போடச் சொன்னது நான் என்பது வரைக்கும்.

“போகலன்னு அது சொல்லியிருக்கு மாப்ள. கேக்காதது நாந்தான்.”

இனியா அவர் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அவர் ஒரு சந்தேகம் கேட்டார். மொத ஆளுக்கு மட்டும் போகாதா என்று. ஆமாம் என்றேன். மொத ஆளா என்னையப் போட்டது யாரு என்று கேட்டார். நான் சித்ராவைக் காட்டினேன். அவர் தன் அக்காவைப் பார்த்தார். அவள் தட்டை நீட்டியபடியே நின்றாள், கண் நிறைந்துவிட்டது.

பழனிவேல் பிள்ளையைச் செல்வியிடம் கொடுத்துவிட்டு, துண்டில் கையைத் துடைத்து, இரண்டு கையாலும் தட்டை வாங்கினார்.

வாங்கி வைத்த பிறகுதான் வழக்கமான குரல் வந்தது. “நாங்க பூவ பஸ்ல ஏத்திவிட்டா, அங்கிட்டு எறக்கிட்டோம்னு போன் வந்தாத்தான் மச்சான் சோத்துல கை வைப்போம். நீங்க காலேஜ்ல வேல பாக்குற ஆளு...” என்று நிறுத்திக்கொண்டார். மிச்சத்தை நானே நிரப்பிக்கொண்டேன். அதற்கப்புறம் செல்வி எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. மரியாதையும் பழைய அளவுக்கு இறங்கிவிட்டது, அப்பாடா என்றிருந்தது.

கிளம்பும்போது வாசலில், “அவசியம் வந்துர்றீங்கள்ல மாப்ள?” என்று கேட்டேன். பதிலுக்கு நின்றேன், கவனியுங்கள். அவர், “பாப்போம் மச்சான்” என்றார்.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும், ‘பாப்போம்’ என்பது எந்த எண்ணிலும் அடங்காது. வருவேன் என்பதற்கும் அதுதான், வரமாட்டேன் என்பதற்கும் அதுதான். வண்டியில் வரும்போது சித்ராவிடம் புலம்பினேன். அவர் பூஜ்யம் சொன்னாரா, ஒன்று சொன்னாரா? அவள் சிரித்தாள். ஐந்து நாளுக்கு அப்புறம் முதல் சிரிப்பு. “தட்ட வாங்கிட்டான்ல. அதுக்கு மேல என்ன பதில் வேணும் ஒங்களுக்கு?” என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எதற்காக நேரில் போகிறோம், எதற்காகத் தட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறோம் என்று நான் யோசித்ததே இல்லை. வெறும் சம்பிரதாயம், நேரத்துக்குப் பிடித்த கேடு என்றுதான் நினைத்திருந்தேன். எதிரே இருக்கிறவர் வாங்கும்வரைக்கும் கையை இறக்க முடியாது என்பதுதான் அதன் சூட்சுமம். வாங்காவிட்டால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். என்ன கோளாறு என்று கேட்டு, பேசி, சரிசெய்துவிட்டுத்தான் நகர முடியும். இதைக் கண்டுபிடித்தவர் எவரோ, அவர் என் லேப்பில் படித்திருந்தால் அந்த இரண்டு மார்க்கை முழுசாக வாங்கியிருப்பார்.

திருந்திவிட்டேன். கொஞ்சம் அதிகமாகவே திருந்திவிட்டேன் என்று வீட்டில் புகார். மிச்சம் இருநூற்று நாற்பத்து இரண்டு பேருக்கும் நானே போன் போட்டு, பத்திரிகை வந்ததா என்று கேட்டேன். வந்தது என்றவர்களிடம் திறந்து பார்த்தீர்களா என்றும் கேட்டேன். சிங்கப்பூர்க்காரர் இப்போது என் போனை எடுப்பதில்லை. பிளம்பரிடம், வருகிறேன் என்றால் எத்தனை மணிக்கு என்று கேட்க, அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ‘சாப்பிட்டியா’ என்று கேட்டுவிட்டுச் சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்ததில், சித்ரா கையில் இருந்த வெண்டைக்காயையும் கத்தியையும் என்னிடம் கொடுத்துவிட்டாள்.

ஸ்கிரிப்ட்டையும் திருத்திவிட்டேன். இப்போது ஒவ்வொரு புரோகிராமும் என்ன எண் சொல்கிறது என்று பார்த்த பிறகுதான் அடுத்த அடி. பூஜ்யம் இல்லையென்றால், கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை முயற்சி. அப்போதும் ஆகாவிட்டால், பெயரோடு சிவப்பில் எழுதிக் காட்டிவிட்டு நின்றுவிடும். திரை முன்னைப்போல அழகாக இல்லை. பட்டியலின் முதல் வரியில் அய்யனார் பெயரைப் போட்டு, என் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். போனை எழுப்புகிற பாவம் எங்கள் இரண்டு பேரோடு போகட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. ‘பாப்போம்’ என்ற சொல் இருக்கிறதே, அது முந்தின நாள் வரைக்கும் என்னைத் தூங்கவிடவில்லை. விடிந்ததும் வாடகை வேனில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனால், எங்களுக்கு முன்னால் ஒரு மினி லாரி நிற்கிறது. அய்யனாரின் மண்குதிரைப் பீடத்தில் ஏறி நின்று, குதிரைக்கு ஆளுயர மாலை ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தார் பழனிவேல். வண்டி நிறையப் பூ. சீர்த்தட்டுகளைச் செல்வி இறக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். சித்ரா என்னைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் தூக்கினாள்.

மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, இனியாவைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்தார்கள். ஆசாரி பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஒரு காதைக் குத்திவிட்டார். எங்கள் வீட்டிலேயே கோளாறைத் தாமதமில்லாமல், ஒளிவு மறைவில்லாமல், ஊருக்கே கேட்கிற மாதிரி தெரிவிக்கிற ஒரே ஆள் இனியாதான். கண்மாயின் அக்கரையில் இருந்த கொக்குகள் எழுந்து பறந்தன. பழனிவேல் அவளை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, காதில் ஏதோ சொல்லிச் சொல்லி, இரண்டாவது காதையும் குத்தவைத்துவிட்டார். அவர் வாங்கிவந்த தோடு ஏறியது. சித்ரா அழுதாள், செல்வி அழுதார், நான் உப்பு இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டேன்.

பந்தியில் குழம்பு வாளியோடு நின்றபோது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. கை பூராவும் எண்ணெய், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். மறுபடி அதிர்ந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு எடுத்துப் பார்த்தேன். முதலில் ஒரு போட்டோ. தாய்மாமன் மடியில், கண்ணீர் காயாத முகத்தோடு, தோடு மினுக்க, வாய் நிறைய வாழைப்பழத்தோடு என் மகள். அதற்குக் கீழே ஒரு வரி.

‘என்ன மச்சான்... போட்டோ அனுப்பி நாலு நிமிஷமாச்சு. பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அவ்வளவு பெரிய ஆளாயிட்டீங்களா?’

கடைசியில் சிரிக்கிற பொம்மை. எதிர்ப்பந்தியில், இலைக்கு முன்னால் போனை வைத்துக்கொண்டு, சோற்றில் கை வைக்காமல் பழனிவேல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வந்துருச்சு மாப்ள,” என்றேன், பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி. அதற்கப்புறம்தான் அவர் சாப்பிட ஆரம்பித்தார்.